‘மறைந்த’ என்று அச்சடித்த கதை

கண்காட்சித் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். படத்தை எத்தனை அடி உயரத்தில் தொங்கவிடுவது, விளக்கை எந்தப் பக்கம் திருப்புவது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்கு இப்போது பாடநெறிகள் இருக்கின்றன, சான்றிதழும் கொடுக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு பிழையைப் பற்றி. பிழை விட்டது நான்தான்.

அதற்கு முன் ஒன்று. நான் என் வேலையில் கெட்டிக்காரி. கண்காட்சி ஒழுங்கு செய்வது, ஓவியர்களைப் பற்றி எழுதுவது, அடுத்தவர் எழுதியதைச் செப்பனிடுவது என்று முப்பது வருடத்துக்கு மேல் இதே பிழைப்பு. அடக்கமாகப் பேசும் வயதைத் தாண்டிவிட்டேன். ஆகவே இது அரைகுறை ஒருத்தி விட்ட பிழை என்று எண்ணாதீர்கள். அரைகுறை விடும் பிழை பார்த்தவுடன் தெரிந்துவிடும். கெட்டிக்காரி விடும் பிழையைப் பார்ப்பவர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருகோணமலை நகரத்தில் ஒரு ஆணி அடிப்பதற்கும் அனுமதி கேட்க வேண்டிய காலம். கண்காட்சி வைப்பதென்றால் படங்களின் தலைப்புகளையெல்லாம் பட்டியல் போட்டு முன்கூட்டியே கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். ஒருமுறை எங்கள் ஓவியர் ஒருவர் ‘துறைமுகம், அதிகாலை’ என்று ஒரு படம் கீறிக்கொண்டு வந்தார். துறைமுகத்தைக் கீறினால் ஏன் கீறினாய், எங்கிருந்து கீறினாய், யாருக்குக் காட்டக் கீறினாய் என்று கேள்வி வரும். நான் பேனையை எடுத்துப் பட்டியலில் ‘நீலம் - மூன்று’ என்று மாற்றினேன். ஒன்றும் இரண்டும் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. முத்திரை விழுந்தது. அன்றிலிருந்து தலைப்பு வைப்பதில் என்னை விழுத்த ஆளில்லை என்ற எண்ணம் எனக்கு ஏறிவிட்டது.

அடுத்த வருடம் உட்துறைமுக வீதிக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் ஐந்து பேரின் படைப்புகளைச் சேர்த்து ஒரு கண்காட்சி ஒழுங்கு செய்தேன். ஐவரில் ஒருத்தி புவனா. திரியாயிலிருந்து இடம்பெயர்ந்து வந்து பாலையூற்றில் ஒரு சிறு வீட்டில் இருந்தாள். வயது முப்பத்திரண்டு. அவளுடைய கணவர் மின்சார வேலை செய்பவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலை, சீனன்குடாப் பக்கம் வேலையிருக்கிறது என்று சைக்கிளில் போனவர் திரும்பி வரவில்லை. தேடாத இடமில்லை, எழுதாத கடிதமில்லை.

வீட்டில் அவருடைய ஆறு சட்டைகள் இருந்தன. அலுமாரியில் கிடந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று வெள்ளிக்கிழமை தோறும் அவற்றைத் தோய்த்து, நீலம் போட்டு, காயவைத்து, ஸ்திரிக்கை போட்டு மடித்து வைப்பாள். ஒருநாள் நீலம் கூடிப்போன ஈரச் சட்டை ஒன்று பழைய கடதாசியின் மேல் விழுந்து, கையும் கழுத்துப்பட்டியுமாக அப்படியே பதிந்துவிட்டது. அதிலிருந்து அவள் வேண்டுமென்றே பதிக்கத் தொடங்கினாள். ஆறு சட்டை, ஆறு தாள். முதன்முதல் அவற்றைத் தரையில் விரித்துக் காட்டியபோது நானும் தரையிலேயே இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எத்தனையோ பேருடைய வேலையைப் பார்த்திருக்கிறேன், இதுதான் வேலை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“தலைப்பு என்ன?” என்று கேட்டேன்.

“சேட்டுக்குத் தலைப்பு என்னத்துக்கு அக்கா?” என்றாள்.

நான் விடவில்லை. தலைப்பில்லாத படம் பட்டியலில் ஏறாது என்று சொல்லி, ‘காணாமற்போன கணவரின் சட்டைகள்’ என்று எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஓம், போடுங்கோ” என்றாள். அவளுக்கு அது முழுதாகப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் சம்மதம் சம்மதம்தானே என்று விட்டுவிட்டேன்.

கையேட்டை அச்சடித்தவர் எங்கள் நகரத்து அச்சகக்காரர் ஒருவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் முறையில், எல்லோருக்கும் அவர் ‘நானா’தான். ஈய எழுத்தைத் தன் கையாலேயே கோத்து அடிப்பார். புரூப் பார்க்கப் போனபோது புவனாவின் தலைப்பு பெரிய எழுத்தில் ஒரு வரியில் அடங்காமல், ‘சட்டைகள்’ மட்டும் தனியாகக் கீழே விழுந்து கிடந்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது. நான் ‘காணாமற்போன’ என்பதை வெட்டிவிட்டு ‘மறைந்த’ என்று எழுதினேன். வரி கச்சிதமாக நின்றது. அதோடு என் கெட்டித்தனமும் வேலை செய்தது. மறைந்த என்றால் கண்ணுக்குத் தெரியாமற்போன என்றும் பொருள், மற்றப் பொருளும் மெல்லத் தொனிக்கும், வாசிப்பவன் நின்று யோசிப்பான் என்று நினைத்து எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். நானா கண்ணாடிக்கு மேலால் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கவனித்தும் கேட்கவில்லை.

கையேடு முந்நூறும் வந்தது. அழைப்பிதழோடு ஏழு பிரதிகளை வியாழக்கிழமையே அனுப்பிவிட்டேன். கண்காட்சி சனிக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை புவனா மண்டபத்துக்கு வந்தாள். அவளுடைய ஆறு தாளும் சுவரில் ஏறியிருந்தன. கையேட்டை எடுத்துப் பிரித்தாள். நான் ஏணியில் நின்றபடி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பாராட்டு வரும் என்று.

“இதை ஆர் மாத்தினது?”

“நான்தான். வரியிலை அடங்கேல்லை. கருத்து ஒண்டுதானே?”

“என்ன கருத்து?”

“மறைந்த எண்டால் கண்ணுக்குத் தெரியாமல் போன. சூரியன் மறைஞ்சது எண்டு சொல்லுறேல்லையோ?”

“சூரியன் விடிய வரும் எண்டு எல்லாருக்கும் தெரியும் அக்கா. பேப்பரிலை மரண அறிவித்தல் போடேக்கை என்னெண்டு போடினம்?”

நான் ஏணியிலிருந்து இறங்கினேன். அவள் நெற்றியில் எப்போதும் போல் குங்குமம் இருந்தது. கழுத்தில் தாலிக்கொடி இருந்தது. இரண்டு வருடமாகத் தெருவில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அதற்கு எதிராக முந்நூறு பிரதி அடித்து வைத்திருந்தேன்.

“போன மாதம் கந்தோரிலை, மரணச் சான்றிதழுக்கு நாங்களே நிரப்பித் தாறம், கையெழுத்தை மட்டும் வையுங்கோ எண்டவை. ஏலாது எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். கையெழுத்து வைச்சால் அதுக்குப் பிறகு அவரை ஒருத்தரும் தேடமாட்டினம். வாற புதன்கிழமை திரும்ப விசாரணை. அவையாலை செய்ய ஏலாததை நீங்கள் செய்துபோட்டியள்.”

சத்தம் போடவில்லை. ஒவ்வொரு தாளாகச் சுவரிலிருந்து கழற்றத் தொடங்கினாள். சிக்கல் அவள் சொன்னதோடு முடியவில்லை. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: எந்த விழாவென்றாலும் ஒரு பெரிய அதிகாரியைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டால்தான் எங்களுக்கு விழா மாதிரி இருக்கும். நான் கூப்பிட்டிருந்தது, காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்கும் அந்த அரசாங்கக் கந்தோரின் அதிகாரியை. ஏழாவது பிரதி அவருக்குத்தான் போயிருந்தது.

அதையும் அவளிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் சொன்னேன். அன்று நான் சரியாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

இருவருமாக நானாவின் அச்சகத்துக்குப் போனோம். என் மூளைக்கு முதலில் வந்த யோசனை, கறுப்பு மையால் அந்தச் சொல்லை மூடிவிடுவது. நானா உடனேயே தலையை ஆட்டினார்.

“அப்பிடிச் செய்யேலா தங்கச்சி. மையால மூடினா சென்றியில சோதிக்கிற ஆமிக்காரனுகள் அதத்தான் முதல்ல பாப்பானுகள். வெளிச்சத்துக்குப் பிடிச்சு, உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு கேப்பானுகள். மூடின இடத்தத்தான் மனிசன் வாசிப்பான்.”

“அப்ப என்ன செய்யிறது நானா?”

“நடுத் தாளக் கழட்டிப்போட்டு வேற தாள் அடிச்சுப் போடுவம். ஆனா வெள்ளைத் தாள் துண்டும் இல்ல. கலியாணக் காட் அடிக்கிற றோஸ் தாள்தான் கிடக்கு.”

நவீன ஓவியக் கண்காட்சி ஒன்றின் கையேட்டுக்கு நடுவில் றோஸ் நிறத் தாள்! வேறொரு நாளென்றால் அழுதிருப்பேன். அன்று “சரி” என்றேன். பிறகு என் பழக்கம் விடாமல், புதிய தலைப்புக்கு வரிசையாகச் சொற்களை அடுக்கத் தொடங்கினேன். தேடப்படுபவர், திரும்பாதவர், தொலைந்தவர் என்று நான் சொல்லிக்கொண்டே போக, நானா எழுத்துப் பெட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, அந்த மனிசன் இவட புருசன். இவட்டக் கேளுங்க” என்றார்.

அதுவரை நான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலைப்பு என்ன என்று கேட்டேன், இது சரியா என்று கேட்டேன். அவருக்கு என்ன நடந்தது என்று நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டேன்.

புவனா யோசிக்கவேயில்லை. “அவர் வேலைக்குப் போனவர். அவ்வளவுதானே எனக்குத் தெரியும். வேலைக்குப் போனவரின்ரை சேட்டுகள் எண்டு போடுங்கோ.”

நானா எழுத்தைப் பொறுக்கிக் கோத்தார். ‘வேலைக்குப் போனவரின் சட்டைகள்’. “ஒரு வரியில வடிவா நிக்குது” என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

“ஜும்ஆவுக்குப் போய்த் தொழுதிட்டு வந்து அடிக்கிறன். பின்னேரத்துக்குள்ள முடியும்” என்று நானா கையைத் துடைத்தார். புவனா தாள்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“கந்தோருக்குப் போன புத்தகத்துக்கு ஒரு வழி செய்யுங்கோ அக்கா. அதுக்குப் பிறகு சுவரிலை போடுறதோ இல்லையோ எண்டு சொல்லுறன்.”

மற்ற ஆறு பிரதிகளும் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்ற வந்துவிட்டன. ஒருவர் பிரித்தும் பார்த்திருக்கவில்லை, அதற்காக வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன். கந்தோருக்குள் நுழையும்போது மூன்று மணி.

“அந்தப் புத்தகமோ? அது கோவைக்குள்ளை போட்டுது” என்றார் எழுதுவினைஞர். அந்தக் கந்தோரின் நடைமுறை அப்படி. வாசலால் வரும் கடதாசி எதுவானாலும் திகதி முத்திரை குத்தி உரிய கோவையில், அதாவது ஃபைலில், கோத்துவிடுவார்கள். கையேட்டைப் புரட்டியவர் யாரோ புவனாவின் பெயரைக் கண்டு, மிகவும் பொறுப்பாக, அவளுடைய கோவையிலேயே கோத்திருந்தார். கோவைக்குள் போன கடதாசி வெளியே வராது.

அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார். பொல்லாத மனிதரில்லை. களைத்த மனிதர். மேசையில் அப்படிப்பட்ட கோவைகள் ஒரு அடுக்கு இருந்தன.

“நல்ல கையேடு அம்மா. எங்களுக்கும் ஒரு சிக்கல் தீர்ந்துது. பிள்ளை கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு நிண்டவ. இப்ப அவவே மறைந்த எண்டு போட்டிருக்கிறா.”

என் வாயில் ஒரு சொல் தயாராக நின்றது: அச்சுப்பிழை. எங்கள் தொழிலில் அதைவிட வசதியான சொல் கிடையாது. எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டுவிட்டு எழுந்து போகலாம். ஆனால் ‘காணாமற்போன’ என்று கோக்கப்போன கை தவறி ‘மறைந்த’ என்று கோக்காது. அது அவருக்கும் தெரியும். நம்பினாலும் நானாவின் அச்சகத்தைத் தேடித்தான் ஆள் போகும். நம்பாவிட்டால் புவனா தான் போட்ட சொல்லையே இப்போது மறுக்கிறாள் என்று ஆகும். இரண்டிலும் தப்பிப்பவள் நான் ஒருத்திதான். அந்தக் கணக்குப் பிடிபட்டதும் எனக்குப் பயம் கொஞ்சம் விட்டது.

“அது அவ போட்ட சொல்லில்லை ஐயா. நான் போட்டது. அவவுக்குத் தெரியாது” என்றேன்.

“நீங்களோ? ஏன்?”

“ஒரு வரியிலை அடக்க.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடதாசி கேட்டு வாங்கி அங்கேயே எழுதினேன்: ‘இக்கையேட்டிலுள்ள மறைந்த என்னும் சொல் ஓவியருடையதன்று. தலைப்பு ஒரு வரியில் அடங்கவேண்டும் என்பதற்காக, அவருக்குத் தெரியாமல் நான் இட்டது. அவருடைய கணவர் இறந்துவிட்டார் என்பதற்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. சொல் பிழையானது, பிழை என்னுடையது.’

அதிகாரி வாசித்தார். “யோசிச்சுக் கையெழுத்து வையுங்கோ. இனி நீங்கள் கண்காட்சிக்கு அனுமதி கேட்டு வரேக்கை, சொல்லை மாத்திற ஆள் எண்டு இந்தக் கடிதம் சொல்லும்.”

‘நீலம் - மூன்று’ ஞாபகம் வந்தது. கையெழுத்து வைத்தேன். கடிதத்துக்கும் திகதி முத்திரை குத்தி, கையேட்டுக்கு மேலே கோக்க வேண்டும், எனக்கும் முத்திரையோடு ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டு, எழுதுவினைஞர் அதைச் செய்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். பிள்ளைகளே, கோவைக்குள் போனதை எடுக்க ஏலாது. அதற்கு மேல் இன்னொன்றைப் போடலாம். நான் எத்தனையோ கட்டுரை எழுதியிருக்கிறேன், பாராட்டும் வாங்கியிருக்கிறேன். அந்த நாலு வசனங்களைப் போல் நல்லது நான் எழுதவில்லை.

பின்னேரம் பாலையூற்றுக்குப் போய் முத்திரை குத்திய பிரதியையும் றோஸ் தாளையும் புவனாவின் கையில் கொடுத்தேன். இரண்டையும் ஒரு சொல் விடாமல் வாசித்தாள். “விடிய வாறன்” என்றாள்.

வந்தாள். ஆறு தாளையும் தானே மாட்டினாள். சனம் வந்தது. றோஸ் தாளைப் பார்த்து இரண்டொருவர் இது என்ன கலியாணமோ என்று சிரித்தார்கள். தலைப்பை வாசித்தபின் சட்டைகளுக்கு முன்னால் நீண்ட நேரம் நின்றார்கள். நான் எதிர்பார்த்த அந்த யோசனையெல்லாம் அவர்களுக்கு, என் கெட்டித்தனம் இல்லாமலே வந்தது. பிரதம விருந்தினர் வரவில்லை. அவருக்கென்று போட்ட கதிரையில் நானா இருந்தார்.

புதன்கிழமை விசாரணைக்கு என்னையும் வரச் சொன்னாள். அதிகாரி கோவையை விரித்தார். மேலே என் கடிதம் இருந்தது. அதை எடுத்துச் சத்தமாக வாசித்தார். அடியில் நிரப்பப்பட்ட மரணச் சான்றிதழ் விண்ணப்பமும் இருந்தது, கையெழுத்துக்கு இடம் விட்டபடி.

“அப்ப பிள்ளை, உங்கடை கணவரைப் பற்றி நான் என்னெண்டு எழுதட்டும்?”

“வேலைக்குப் போனவர், இன்னும் வரேல்லை எண்டு எழுதுங்கோ.”

அவர் அப்படியே எழுதினார். விண்ணப்பம் கையெழுத்தில்லாமலே கோவைக்குள் திரும்பிப் போனது. தேடுவதை நிறுத்தவில்லை என்று ஒரு வரியும், அடுத்த விசாரணைக்கு ஒரு திகதியும் கிடைத்தன. வெளியே வந்ததும் புவனா மதிலோடு சாய்ந்து நின்று ஒருமுறை மூச்சு விட்டாள். நானும் விட்டேன்.

அந்தக் கடிதத்தால் என் அடுத்த கண்காட்சிக்கு ஒரு வருடத்துக்கு மேல் அனுமதி கிடைக்கவில்லை. அதனால் நான் கெட்டுப்போகவில்லை. அந்த வருடத்தில்தான் மற்றவர்கள் பேசுவதை எழுதிக்கொள்ளப் பழகினேன், அதற்குப் பிறகு செய்த வேலையெல்லாம் அதிலிருந்து வந்தது. ஒரு படைப்பாளி சம்மதித்த சொல்லில் ஒரு எழுத்தை மாற்றுவதென்றாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு வந்துதான் மாற்றுவேன். உங்களிடம் கைப்பேசி இருக்கிறது. சாக்குச் சொல்ல உங்களுக்கு வழியில்லை.

கண்காட்சி முடிந்த வெள்ளிக்கிழமை, தாள்களைத் திருப்பிக் கொடுக்கப் பாலையூற்றுக்குப் போனேன். சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியோடு புவனா வேலையில் இருந்தாள். ஐந்து சட்டைகள் மடித்து அடுக்கியிருந்தன. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வசனம் கோத்துக்கொண்டு போயிருந்தேன். தொடங்கவும் செய்தேன். அவள் பாதியில், “அக்கா, இந்தக் கையை ஒருக்கால் இழுத்துப் பிடியுங்கோ” என்று ஆறாவது சட்டையின் கையை என்னிடம் நீட்டினாள். பிடித்தேன். அப்போதுதான் பார்த்தேன், மணிக்கட்டுப் பட்டியில் பொத்தான் மட்டும் மற்றவற்றோடு சேராமல் பளபளவென்று புதிதாக இருந்தது.

“இந்தத் தெறி புதுசோ?” என்று கேட்டேன்.

“ஓம். பழசு போன முறை தோய்க்கேக்கை உடைஞ்சு போச்சு. நேற்று சந்தைக்குப் போய் வாங்கித் தைச்சனான்” என்றாள் புவனா. “தெறி இல்லாத சேட்டோடை மனுசன் எப்பிடி வேலைக்குப் போறது?”

நான் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சுருக்கமில்லாமல் அழுத்தி முடித்தாள்.